மூன்று சுவர் வீடு

கதவைச் சாத்தியே வைத்திருந்த ஒரு பெண்மணியின் வீட்டை, அவரைக் கேட்காமல், நான் மேடையில் ஏற்றினேன். முன்சுவரைக் கழற்றிவிட்டு ஏற்றினேன். அவருடைய கணவரையும் மகளையும் அதற்குள் உட்கார வைத்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்தேன். அதற்காக எனக்கு ஒரு வெற்றிக் கோப்பையும் கொடுத்தார்கள். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தெரியாமல் செய்த பிழை என்று நெடுங்காலம் சொல்லிவந்தேன். அது பொய். பாதி தெரிந்தேதான் செய்தேன்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்பது அவர் போட்ட நிபந்தனை.

கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் அது. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு, நிரந்தர வேலை கிடைக்கும்வரை அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டைத் தங்குவதற்குக் கொடுத்தார்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுச்சுவர் கூரைவரை போகாது. மேலே இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் நாலாவது வீட்டுப் பிள்ளை சோறு கேட்கும். வேலை முடிந்து வந்தால் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கும். கோழியும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்காமல் நுழைந்து கேட்காமல் வெளியேறுவார்கள்.

எனக்கு அடுத்த வீட்டில் இருந்த அக்காவின் கதவு மட்டும் சாத்தியிருக்கும். குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாலும் இழுத்துச் சாத்திவிட்டு, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார். வாசலில் நின்று பேசும்போதும் ஒரு கை பின்னால் போய்க் கதவைப் பிடித்திருக்கும்.

"உள்ள என்ன தங்கப் பாளமா வச்சிருக்கா? தொர பங்களாக் கதவே பட்டப்பகல்ல தெறந்துதான் கெடக்கு" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். அக்கா சிரித்துக்கொள்வார்.

எனக்கு அவர் காலையில் தோசை கொடுத்திருக்கிறார். "பசியாறிட்டீங்களா வாத்தியாரே?" என்று கேட்டுக்கொண்டே மங்கு என்கிற பீங்கான் கிண்ணத்தை நீட்டுவார். மங்கின்மேல் இன்னொரு மங்கு கவிழ்ந்திருக்கும். அவர் கையில் எதையும் திறந்தபடி நான் பார்த்ததில்லை. பேச்சும் அப்படித்தான். குழாயடியில் யாராவது அடுத்த வீட்டுக் கதையை எடுத்தால், "அது அவங்க வீட்டுல இருக்கட்டும்" என்பார். அவ்வளவுதான். கதை அங்கேயே படுத்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய வாய்க்கால் உடைத்துக்கொண்டு லயத்துக்குள் தண்ணீர் வந்தது. எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். வந்த தண்ணீர் வடியட்டும் என்று கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு ஓடினோம். அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்கும் கதவு சாத்துறியே, நீ என்ன பொம்பளடி!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"தண்ணி கேக்காமத்தான் வரும் மாமா. மனுசங்க கேட்டுட்டு வரணும்ல" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் கணவர் களைக்கொல்லி மருந்து அடிப்பவர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கிடையே நாள் முழுவதும் நடப்பார். அதிர்ந்து பேசாதவர். மாதத்தில் சில நாள் வேலைக்கு வரமாட்டார், வெளியேயும் வரமாட்டார். அவருடைய அப்பா புத்தி கலங்கி ஆஸ்பத்திரியில் இறந்தவர் என்பது தோட்டத்துக்கே தெரியும். அந்த நாட்களில் நடுச்சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாக எனக்கு இரண்டு சத்தங்கள் கேட்கும். தொப், தொப் என்று கனமாக எதுவோ விழும் சத்தம் ஒன்று. அதற்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம் ஒன்று. நான் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். யார் அடிக்கிறார், யார் அழுகிறார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இந்த இடத்தில் நான் படித்த படிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் ஐரோப்பிய நாடகத்தைப் பற்றிய நூல்களில் ஊறிக் கிடந்தவன் நான். நூறாண்டுக்கு முன் அங்கே ஒரு கூட்டம் கிளம்பியது. மனிதன் தெய்வத்தின் கைப்பொம்மை இல்லை, அவனும் ஓர் உயிரினம், அவனை ஆக்குவது அவனுடைய ரத்தமும் சூழலும் காலமும்தான் என்று அறிவியல் சொல்லிக்கொண்டிருந்த காலம். நாடகக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜாக்கள் போதும், ஏழையின் அடுப்பங்கரையைக் காட்டு என்றார்கள். மருத்துவன் உடலை அறுத்துப் பார்ப்பதுபோல் எழுதுகிறவன் ஒரு குடும்பத்தை அறுத்துப் பார்க்கவேண்டும். பாட்டு கூடாது. பார்வையாளரைப் பார்த்து வசனம் பேசக் கூடாது. மேடை என்பது நிஜமான ஓர் அறை. அதன் நாலாவது சுவரை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறோம். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது.

எங்கள் தோட்டத்தில் அதுவரை நடந்ததெல்லாம் ஜிகினா உடையும் ஆர்மோனியமுமாக நடந்த ராஜா நாடகங்கள். பார்க்கிறவர்கள் நடிகரோடு சத்தம் போட்டுப் பேசுவார்கள். "டேய், பின்னாடி பாருடா, கத்தி வச்சிருக்கான்!" என்று ராஜாவை எச்சரிப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் குமட்டும். தோட்டங்களுக்கிடையே நாடகப் போட்டி வந்தபோது, இவர்களுக்கு உண்மையைக் காட்டுகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். உண்மை எனக்குப் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது.

கதை எளிது. தாத்தா பைத்தியம். மகன் வளர்ந்து பைத்தியமாகி மனைவியை அடிக்கிறான். மனைவி கதவைச் சாத்தி மறைக்கிறாள். கடைசிக் காட்சியில் பதினாறு வயது மகள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். சட்டென்று நிறுத்தி, அப்பா சிரிப்பதுபோலவே சிரிக்கிறாள். திரை. ரத்தம் விடாது என்பதுதான் நாடகம். அக்காவுக்கும் பதினாறு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

முதலில் எழுதியதில் இன்னொன்றும் இருந்தது. கணவன் முதுகில் மருந்துப் பம்போடு உள்ளே வருவான். கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு தண்ணீர் குடிப்பான். அதை நான் நேரில் பார்த்திருந்தேன். தோட்ட மண்டபமும் பலகையும் மின்சாரமும் நிர்வாகம் கொடுப்பதால் நாடகத்தைக் கிராணி படித்துப் பார்த்தார். ஆபீஸ் கணக்குகளைக் கவனித்துவந்த நல்ல மனிதர்.

"பம்பு மட்டும் வேணாம்லா வாத்தியாரே. தொர முன்வரிசையில உக்காந்திருப்பாரு. மருந்துனால வந்துச்சுங்கிற மாதிரி இருக்கு. பைத்தியம், அடிதடி எல்லாம் தாராளமா வையுங்க."

எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை வாதாடவில்லை. மருந்துதான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரத்தம்தான் காரணம் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் ரத்தம், சூழல், காலம் என்று மூன்றையும் படித்தவன், சூழலைத் துரைக்காக எடுத்துவிட்டு ரத்தத்தை மட்டும் மேடையில் வைத்தேன். அதற்குப் பெயரும் அறிவியல் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் நாடகம் என்றால் வீட்டுக்கு வீடு சாமான் கேட்டு வாங்குவது வழக்கம். ஒரு வீட்டில் சேலை, ஒரு வீட்டில் கட்டில். நான் அக்காவின் வாசலில் போய் நின்றேன். நிஜ வீட்டில் நிஜச் சாமான்தான் இருக்கவேண்டும் என்பது என் வெறி.

"என்னா நாடகம் வாத்தியாரே?"

"ஒரு குடும்பத்துக் கதைக்கா."

"சாமி படமெல்லாம் வருமா?"

"வரும்."

யாரையும் உள்ளே விடாதவர், தானே உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து கொடுத்தார். தகரப் பெட்டி, பாய், சிவப்புப் பூப்போட்ட மங்குகள், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடம். குடத்தின் கழுத்தில் அவர் பெயரும் கணவர் பெயரும் பொறித்திருந்தன. "வாத்தியார் கேட்டா குடுக்காம என்ன? பத்திரமா வருமில்ல?" என்றார். பத்திரமாக வரும் என்றேன். மேடையில் அந்தக் குடத்தை, எழுத்து பார்வையாளர் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தவன் நான்தான். முன்வரிசைக்குப் படிக்க முடியும். பாதி தெரிந்தே செய்தேன் என்றது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மண்டபம் நிரம்பி வழிந்தது. அக்கா மகளோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணவர் கூட்டத்துக்கு வரமாட்டார், வீட்டில் இருந்தார். திரை விலகியதும் அக்கா தன் சாமான்களைப் பார்த்துப் புன்னகைத்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். மகளுக்குக் குடத்தைக் காட்டினார். பிறகு புன்னகை நின்றது. மண்டபத்தில் தலைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின.

கணவனாக நடித்தவன் மண்டோரின் மகன். மண்டோர் என்றால் வேலைக்காரர்களை மேய்க்கும் கங்காணி. அந்தப் பையன் கையை ஓங்கி அடித்தான். உள்ளே ஒருவன் பலகையில் சாக்கைப் போட்டுத் தட்டினான். நான் சுவர் வழியாகக் கேட்ட அதே சத்தம். மனைவியாக நடித்த பெண் கீழே விழுந்தாள்.

"கதவ சாத்துடி!"

அக்காவின் குரல். எழுந்து நின்றிருந்தார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ராஜாவுக்குக் கத்தியைக் காட்டிக்கொடுக்கும் சத்தம்போலத்தான் அவர்களுக்கு அது கேட்டிருக்கும். மேடையில் இருந்த பெண் பயந்துபோய் எழுந்து, பின்சுவரில் நாங்கள் பொருத்தியிருந்த கதவை உண்மையிலேயே சாத்தினாள். கதவு சாத்தியாகிவிட்டது. வீடு முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. அதைச் சாத்த அந்தப் பெண்ணுக்கும் வழி இல்லை, அக்காவுக்கும் வழி இல்லை. அக்கா மெதுவாக உட்கார்ந்தார். கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

பார்வையாளர் நாடகம் என்பதையே மறந்துபோன அந்தக் கணம்தான் இன்றைய வெற்றி என்று நடுவர் ஒருவர் பேசினார். நான் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மேடை ஏறினார். நான் கிட்டே போய், "அக்கா, அது வந்து, நாடகம்..." என்றேன்.

"என் கொடத்த எடுத்துக்கறேன் வாத்தியாரே."

அவ்வளவுதான் சொன்னார். குடத்தின் வாயை ஒரு மங்கால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், மண்டோர் அவர் கணவரைப் பார்த்துக் கையை ஓங்கிக் காட்டி, "என்னப்பா, நேத்து வீட்டுல பூசை உண்டா?" என்றாராம். அந்த மனிதருக்கு விளங்கவில்லை. வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் நாடகத்தை விளக்கிச் சொன்னானாம். அவர் பம்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். தீபாவளிக்கு முன்பே லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லோரியின்மேல் கேன்வாஸ் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தது. அக்கா எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. தேவைக்குமேல் நல்ல வாழ்க்கை வாழ்ந்தேன். மனைவி இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லாமல் போனது. அப்போதுதான் அந்தத் தொப் தொப் சத்தம் எனக்குத் திரும்பக் கேட்க ஆரம்பித்தது.

சென்ற ஆண்டு பழைய மாணவன் ஒருவன், அக்கா குடும்பம் செரண்டாவில் இருப்பதாகச் சொன்னான். தேடிப் போனேன். மலிவுவிலை அடுக்குமாடி. இரும்புக் கிராதி, அதற்குள் மரக்கதவு, இரண்டும் சாத்தியிருந்தன. தட்டினேன்.

"யாரு?"

"தோட்டத்து வாத்தியார்க்கா."

பிறகு தாழ் விலகியது. திறந்தவள் மகள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து அறுபதை நெருங்கிவிட்டவள். அக்கா நாற்காலியில் இருந்தார். சுருங்கிப்போயிருந்தார். கண் மட்டும் அதே கண்.

"உள்ள வாங்க. கதவ சாத்திட்டு வாங்க."

சாத்தினேன். நிற்கும்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். சுவர் வழியாகக் கேட்டது, குடத்தைத் திருப்பி வைத்தது, பம்பை எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "உள்ள போயி அடுப்படியப் பாருங்க" என்றார்.

அடுப்படியில் ஓர் இடிகல் இருந்தது. மிளகாய் சம்பல் இடிக்கும் பழைய கருங்கல்.

"அதோட சத்தம்தான் நீங்க கேட்டது. அவருக்கு அப்பிடி வர்ற நாள்ல நான் இடிக்க உக்காந்துருவேன். மொளகா இருந்தா மொளகா. இல்லாட்டி சாக்குத் துணிய மடிச்சுப் போட்டு இடிப்பேன். அழுகச் சத்தம் வெளிய போவக் கூடாதில்ல?"

அடுப்படி வாசற்படியில் நின்று கேட்டேன்.

"அடிச்சது அவரு இல்ல வாத்தியாரே. அழுதது நான் இல்ல."

கணவர் செரண்டாவுக்கு வந்த சில ஆண்டுகளில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். அதுவரை ஒருநாள்கூட மனைவிமேல் கைவைத்தது இல்லை. அடித்தவர் என்ற பெயரோடு போனார். தோட்டத்து ஆட்கள் ஒருவரும் சாவுக்கு வரவில்லை.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்க சார். ரெண்டு மூணு எடம். நாந்தான் வேணாம்னுட்டேன். தெனம் கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருந்தேன், எப்ப சிரிக்கப் போறேன்னு." பிறகு, "வரல சார். இன்னும் வரல" என்றாள்.

அன்று அக்கா இன்னும் நிறையச் சொன்னார். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. பழைய ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை கோலா சிலாங்கூரில் மண்டபம் பிடித்துக் கூடிச் சாப்பிடுகிறார்கள். அங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன்.

"மறுபடியும் தெறக்கணுமா?" என்றார் அக்கா.

"சொல்லட்டும்மா. ஒரு தடவ அவங்க காதுல விழட்டும்" என்றாள் மகள்.

அக்கா யோசித்தார். "அவரு அடிக்கல, நான் அழுவலங்கிற ரெண்ட மட்டும் சொல்லுங்க. எழுதினாலும் அதுக்கு வேண்டியத எழுதுங்க. பேரு வேணாம். மத்தது உள்ள இருக்கட்டும்."

கூட்டத்துக்கு மகள் வந்தாள். அக்கா வரவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, அந்த நாடகத்தில் நான் காட்டியது பொய், அந்த மனிதர் மனைவியை அடித்ததே இல்லை, அழுதது அவர் மனைவியும் இல்லை, இரண்டையும் கற்பனை செய்தவன் நான் என்று சொன்னேன். கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை. இறங்கியதும் மண்டோரின் மகன் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து உடல் தேறியவன். "சார், அந்த அடி! மறக்க முடியுமா சார்? இப்பக்கூட கை வலிக்குது!" என்று கையை ஓங்கிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இப்போதானே சொன்னேன், அது நடக்கவே இல்லை என்று."

"அது சரிலா சார். ஆனா நாடகம்னா அது நாடகம்!"

"எங்கப்பா எங்கம்மாவ அடிச்சதே இல்லண்ணே" என்றாள் மகள்.

ஓங்கிய கை அப்படியே நின்று, கீழே இறங்கியது. சாப்பாடு தயார் என்று ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். வரிசையில் நிற்கும்போது ஒரு மூதாட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்மா, உங்கப்பா தங்கமான மனுசன்" என்றார்.

"அப்ப ஏன் அத்த சொல்லல?"

மூதாட்டி கையை விட்டார். மகள் சாப்பிடாமலே கிளம்பினாள். என்னையும் தான் ஓட்டிவந்த காடியில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டாள். இறங்கும்போது நன்றி சொன்னேன். "பெரட்டுல சொல்லியிருக்கணும் சார். மறுநாளே" என்றாள்.

போன வாரம் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு செரண்டாவுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, முழுவதையும் படித்துக் காட்டினேன். மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள். தன் வார்த்தைகள் வந்த இடத்தில் தலையை மட்டும் அசைத்தாள். கணவரைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு வரியை அக்கா எடுத்துவிடச் சொன்னார். அங்கேயே கோடு போட்டு அடித்தேன். எந்த வரி என்று நீங்கள் தேடவேண்டாம்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்கா."

"செரி."

எழுந்தேன். "போம்போது நல்லா இழுத்துச் சாத்துங்க வாத்தியாரே. மழைக்கு மரம் ஊதிருக்கு, கொஞ்சம் இறுகும்" என்றார். வெளியே வந்து இழுத்துச் சாத்தினேன். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. படிக்கட்டை நோக்கி நடக்கும்போது உள்ளே இடிகல் சத்தம் தொடங்கியது. அக்காவா, மகளா, இடிப்பது மிளகாயா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. நிற்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.